ஒரே இரத்தம், இரண்டு விடைகள்

அமெரிக்காவின் ஓர் ஆய்வகத்துக்கு இரண்டு பேரின் இரத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஆண்கள், இருவருக்கும் ஐம்பது வயது. இருவர் இரத்தத்திலும் கிரியேட்டினின் அளவு துல்லியமாக ஒன்றே. ஆனாலும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஆய்வகம் இவர்களுக்கு வெவ்வேறு விடைகளைத் தந்தது. ஒருவருடைய சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 18 என்று அறிக்கை வரும். மற்றவருக்கு ஏறக்குறைய 22. இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. இரண்டாமவரின் படிவத்தில் ‘கறுப்பினத்தவர்’ என்று குறிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

கிரியேட்டினின் என்பது தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு. நல்ல சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றிவிடும். சிறுநீரகம் நலிந்தால் இரத்தத்தில் தங்கும். வடிகட்டும் திறனை நேரடியாக அளப்பது நீண்ட, சிரமமான வேலை. எனவே மருத்துவர்கள் இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு சூத்திரம் போட்டு மதிப்பிடுகிறார்கள். நம் ஊர் ஆய்வக அறிக்கையிலும் ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்ற வரியில் நிற்பது இந்த மதிப்பீடுதான்.

1999இல் 1,628 சிறுநீரக நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு அமெரிக்காவில் ஒரு சூத்திரம் வகுத்தார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 12 சதவீதம். அந்தச் சிறு கூட்டத்தில், அதே கிரியேட்டினின் அளவுக்கு வடிகட்டும் திறன் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் போலும் என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. இப்படி நுழைந்த பெருக்கல் எண், பரவலாகப் புழங்கிய வடிவத்தில் 1.212 ஆனது. நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை இதனால் பெருக்க வேண்டும்.

தசைதான் காரணம் என்றால் தசையை அளந்திருக்கலாம். தசையைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின்–சி என்ற புரதத்தையும் அளக்கலாம். அதற்கான சோதனை இருக்கிறது. அதை விடுத்துப் படிவத்தில் ஒரு கட்டத்தைப் பார்த்தார்கள். தாய் வெள்ளையர், தந்தை கறுப்பினத்தவர் என்றால் எந்த எண்ணால் பெருக்குவது? ஒல்லியான கறுப்பினப் பாட்டிக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த இளைஞனுக்கும் ஒரே பெருக்கலா? சூத்திரத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை.

காகிதத்தில் இது சிறு கணக்கு. ஆனால் அந்த நாட்டில் சிறுநீரக மாற்று அறுவைக்கான வரிசையில் காத்திருப்புக் காலம் எண்ணப்படுவது, டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு, திறன் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கும்போதுதான். 18 என்று அறிக்கை வந்தவருக்கு அன்றே காலம் ஓடத் தொடங்கும். 18ஐ 1.212ஆல் பெருக்கினால் 21.8; கறுப்பினத்தவர் என்று குறிக்கப்பட்ட மற்றவர் இன்னும் வரிசைக்கு வெளியே. அவருடைய சிறுநீரகமும் அதே அளவு நலிந்திருக்கிறது, ஆனால் அவருடைய நாள்கள் கணக்கில் ஏறவில்லை. அமெரிக்காவில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் மேல். யாருக்கு அந்த உறுப்பு மிக அவசரமாகத் தேவையோ அவர்களையே சூத்திரம் பின்னால் நிறுத்தி வைத்தது.

இதை முதலில் உரக்கக் கேட்டவர்களில் மருத்துவ மாணவர்கள் பலர் உண்டு. வகுப்பில் இந்தப் பெருக்கலைக் கற்றுக்கொண்டபோது, ஏன் என்று கேட்டார்கள். திருப்தியான பதில் வரவில்லை. 2017 முதல் ஒன்றிரண்டு மருத்துவமனைகள் அதைக் கைவிட்டன. 2021இல் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்கச் சிறுநீரகவியல் கழகமும் சேர்ந்து அமைத்த குழு, இனத்தைக் கேட்காத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. 2023 தொடக்கத்திலிருந்து, பழைய கணக்கால் தாமதமானவர்களின் காத்திருப்புக் காலத்தைப் பின்தேதியிட்டுத் திருத்துமாறு மாற்று அறுவை மையங்களுக்கு உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டு வசந்த காலத்துக்குள் 14,000க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகளின் காலம் திருத்தப்பட்டது. மருத்துவத்தில் ஒரு தவறைக் கண்டுபிடித்து நிறுத்துவது நடக்கும். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழந்த இடத்தைத் தேடித் திருப்பித் தருவது அபூர்வம். இதை நான் மனதாரப் போற்றுகிறேன். ஆனால் அதற்குள் இறந்துபோனவர்களின் கணக்கை யாராலும் திருத்த முடியாது.

நல்ல எண்ணம் கொண்ட, படித்த மனிதர்கள் இப்படி ஒரு பெருக்கல் எண்ணை இருபது ஆண்டு காலம் கேள்வியின்றி ஏற்றது எப்படி? அதற்கு நுரையீரலின் கதைக்குப் போக வேண்டும். அது இன்னும் பழையது, இன்னும் இருண்டது.

லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846இல் தம் ஸ்பைரோமீட்டர் ஆய்வை வெளியிட்டார். மூச்சை முழுதாக இழுத்து முழுதாக வெளியே விட்டால் எவ்வளவு காற்று வருகிறது என்று அளக்கும் கருவி அது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்த அவர், ஆளின் உயரத்துக்கும் மூச்சின் அளவுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் கண்டார். அருமையான கண்டுபிடிப்பு. இன்றும் ஆஸ்துமா நோயாளியை மருத்துவர் ஊதச் சொல்வது இதே தத்துவத்தில்தான்.

கருவி அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் வேறு வேலைக்குப் போனது. கறுப்பினத்தவரின் நுரையீரல் அமைப்பிலேயே வேறுபாடு இருக்கலாம் என்று, பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1780களிலேயே எழுதியிருந்தார். அவர் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். தென் மாநிலங்களில் அடிமை முறையை ஆதரித்த மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் அந்த ஊகத்துக்கு ஸ்பைரோமீட்டர் கொண்டு எண் கொடுத்தார். கறுப்பினத்தவரின் மூச்சு ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே கட்டாய உழைப்புதான் அவர்கள் இரத்தத்தைச் சுத்தமாக்கும் என்பது அவர் வாதம். அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று 1851இல் பெயர் சூட்டியவரும் இவரே.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையின் வீரர்கள் பெரும் எண்ணிக்கையில் அளக்கப்பட்டார்கள். அந்தத் தரவுகளைத் தொகுத்து 1869இல் வெளியிட்ட பெஞ்சமின் கூல்ட் வானியலாளர். நட்சத்திரங்களை அளந்த கண்டிப்போடு மனிதர்களையும் அட்டவணையில் அடுக்கினார். கறுப்பின வீரர்களின் மூச்சு குறைவு என்று அட்டவணை சொன்னது. அவர்களில் பலர் அடிமைத் தளையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்கள். என்ன உண்டு வளர்ந்தார்கள், எந்தக் குடிசையில் உறங்கினார்கள், என்ன நோயைக் கடந்து வந்தார்கள் என்பதற்கு அட்டவணையில் பத்தி இல்லை. இனத்துக்குப் பத்தி இருந்தது. எது எழுதப்பட்டதோ அதுவே காரணமாயிற்று.

1896இல் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃபிரெடெரிக் ஹாஃப்மன் இந்த எண்களையும் எடுத்துக்கொண்டு, கறுப்பினம் இயல்பிலேயே நலிந்தது, அழியப்போவது என்று ஒரு முழு நூல் எழுதினார். கறுப்பினத்தவருக்குக் காப்பீடு மறுக்க அது வசதியான ஆதாரமானது. சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் உடனே மறுத்து எழுதினார். ஃபிலடெல்ஃபியா நகரில் வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டிய அவர், நோயும் சாவும் வறுமையையும் நெருக்கடியான குடியிருப்பையும் பின்தொடர்வதைக் காட்டினார். 1906இல் அவர் தொகுத்த உடல்நல அறிக்கை இதே வாதத்தை விரிவாக வைத்தது. விடை அன்றே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் பாடநூல்களில் நிலைத்தது கூல்டின் வழிதான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பைரோமீட்டர் கணினியோடு இணைந்தது. நோயாளியின் உயரம், வயது, பாலினத்தோடு இனத்தையும் கேட்டது. கறுப்பினத்தவர் என்றால் இருக்கவேண்டிய அளவை 10 முதல் 15 சதவீதம் குறைத்துக்கொள்; ஆசியர் என்றால் 4 முதல் 6 சதவீதம். அதாவது ஒருவருடைய நுரையீரல் பத்து சதவீதம் கெட்டுப்போயிருந்தாலும், இவருக்கு இது இயல்பு என்று கருவி சொல்லிவிடும். பொத்தானை அழுத்தும் செவிலியருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அடிமைப் பண்ணையில் தொடங்கிய ஊகம், வெள்ளை நிறப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்துகொண்டது.

1999இல் பால்டிமோரில் இது நீதிமன்றத்துக்கே வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் கெட்டதாகத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்குகளில், கறுப்பினத் தொழிலாளி வழக்காட வேண்டுமானால் வெள்ளையரைவிட மோசமான மூச்சு அளவைக் காட்ட வேண்டும் என்று ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் வாதிட்டது. ஒரே தூசி, ஒரே கூரை. இழப்பீடு கேட்கும் தகுதி மட்டும் வேறு. மருத்துவப் பாடநூலே அந்த வாதத்துக்குச் சான்று சொன்னது என்பதுதான் கொடுமை.

இதில் நமக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. 2012இல் உலக அளவில் தொகுக்கப்பட்ட நுரையீரல் அட்டவணை மனிதர்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தது. இந்தியத் துணைக்கண்டத்துக்கு அதில் தனி வரிசை இல்லை. நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் ‘மற்றவர்’ என்ற தொகுதிக்குள் போக வேண்டியதாயிற்று.

மூச்சின் அளவில் மக்கள்கூட்டங்களுக்கிடையே வேறுபாடே இல்லையா என்றால், சராசரியில் உண்டு. உயரம் ஒன்றே ஆனாலும் கால் நீண்டு உடற்பகுதி குறுகியவருக்கு நெஞ்சுக்கூடு சிறியது. அது வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்குகிறது. மீதியில் பெரும்பங்கு, குறைந்த எடையோடு பிறந்தது, குழந்தைப் பருவ ஊட்டக்குறைவு, அடுப்புப் புகை, நெடுஞ்சாலை ஓரக் குடியிருப்பு, தொழிற்சாலைத் தூசி, காசநோய் என்று வாழ்க்கையில் சேர்ந்தவை. குறைந்த மூச்சு ஓர் அநீதியின் தடயமாக இருக்கலாம். அதை ‘உன் இனத்துக்கு இது இயல்பு’ என்று திருத்தி எழுதும்போது தடயமே அழிகிறது.

2022இல் இனம் கேட்காத புதிய அட்டவணை வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க நெஞ்சகக் கழகம் அதையே பயன்படுத்தச் சொன்னது. 2024இல் வெளிவந்த ஒரு கணிப்பின்படி, இந்த மாற்றத்தால் கறுப்பின முன்னாள் படைவீரர்களுக்கான ஊனமுற்றோர் உதவித்தொகை மட்டும் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் உயரக்கூடும். இத்தனை காலம் அந்தப் பணம் யாரிடம் சேராமல் நின்றது என்பதை இந்த ஒரு தொகை சொல்லும். மறுபக்கமும் இருக்கிறது. தீயணைப்பு போன்ற, மூச்சு வலு கேட்கும் வேலைகளுக்குக் கறுப்பின இளைஞர் சிலர் புதிய அட்டவணைப்படி தகுதி இழக்கலாம். சூத்திரத்தை மாற்றியதால் மட்டும் நீதி வந்துவிடாது. எந்த எண்ணை எந்த முடிவுக்குப் பயன்படுத்துகிறோம் என்பதையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும்.

உயிரியல் இதில் என்ன சொல்கிறது? 1972இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் இரத்த வகைகளையும் புரதங்களையும் கொண்டு ஒரு கணக்குப் போட்டார். மனித இனத்தின் மரபு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘இனங்கள்’ என்று வழக்கமாகச் சொல்லப்படுபவற்றுக்கு இடையே இருப்பது 6 சதவீதம் அளவே. பின்னால் மரபணு வரிசையை முழுதாக வாசிக்க முடிந்த காலத்திலும் இந்தப் படம் பெரிதாக மாறவில்லை. மூதாதையர் எந்த நிலப்பகுதியிலிருந்து வந்தார்கள் என்பதை மரபணுக்களைக் கொண்டு ஓரளவு சொல்ல முடியும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வேறுபாடுகள் படிப்படியாக, ஒன்றின்மேல் ஒன்றாக மங்கிப் பரவுபவை. கோடு போட்டுப் பெட்டியாக வெட்ட அவை இடம் தருவதில்லை.

அரிவாள் செல் நோயைப் பாருங்கள். அமெரிக்காவில் பல தலைமுறைகளாக அது ‘கறுப்பினத்தவர் நோய்’. 1952இல் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அதே மரபணு கண்டறியப்பட்டது. அரேபியாவிலும் மத்தியதரைக் கடல் ஓரத்திலும் இருக்கிறது. அது பின்பற்றியது மலேரியாவை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்றவர் கடுமையான மலேரியாவைத் தாங்குவார். கொசு எங்கெல்லாம் கொன்றதோ அங்கெல்லாம் மரபணு நிலைத்தது. மலேரியா அதிகமில்லாத தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில், தோல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், அது அரிது.

சிறுநீரகத்திலும் இதேபோல் ஓர் உண்மையான மரபணுச் செய்தி உண்டு. ஆப்பிரிக்காவில் உறக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியிலிருந்து காக்கும் ‘ஏபிஓஎல்1’ என்ற மரபணுவின் இரு வடிவங்கள், பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். இது 2010இல் தெரியவந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் எட்டில் ஒருவர் அளவுக்கு அந்த இரட்டை வடிவம் உண்டு. மீதி ஏழு பேருக்கு இல்லை. அந்த இரட்டை வடிவம் இருக்கிறதா என்று சோதித்துவிடலாம். தோலைப் பார்த்து யூகித்தால் எட்டுப் பேரில் ஏழு பேர் விஷயத்தில் தவறுவோம்.

தோல் நிறமோ கண்ணுக்குத் தெரியும் உண்மையான உடல் வேறுபாடு. ஆனால் அதுவும் இனத்தின் வரைபடத்தில் அடங்குவதில்லை. தென்னிந்தியரும் சூடான் நாட்டவரும் மெலனீசியத் தீவினரும் கறுத்த தோல் உடையவர்கள். மற்றபடி மரபில் ஒருவருக்கொருவர் மிகத் தொலைவு. வெயில் எங்கே சுட்டதோ அங்கே மெலனின் காத்தது. இனத்தின் இயல்பு அல்லாத வேறுபாட்டை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அட்டவணையிலும் கருவியிலும் ஏற்றி வைத்த மருத்துவம், இருக்கும் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. அதன் விலை கோவிட் காலத்தில் தெரிந்தது.

பல்ஸ் ஆக்சிமீட்டர் 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்ட அருமையான யோசனையின் பயன். விரலின் ஒருபுறத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பாய்கின்றன. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பைக் கூடுதலாக விழுங்கும். ஆக்சிஜன் இழந்தது சிவப்பைக் கூடுதலாக விழுங்கும். நாடி துடிக்கும்போது மாறும் ஒளியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டின் விகிதத்தைக் கண்டால் ஆக்சிஜன் அளவை மதிப்பிடலாம். தோல், எலும்பு, நகம் எல்லாம் துடிக்காதவை. ஆகவே அவை கணக்கிலிருந்து தாமாகவே கழிந்துவிடும் என்பது கோட்பாடு. மெலனினும் கழிந்துவிட வேண்டும்.

நடைமுறையில் முழுதாகக் கழியவில்லை. கறுத்த தோலில் ஒளி குறைவாகவே உள்ளே போவதால் கருவிக்குக் கிடைக்கும் குறிப்பு நலிகிறது. சிவப்பு விளக்கு ஒரே அலைநீளத்தில் ஒளிர்வதுமில்லை. அதன் பட்டையில் ஒரு பக்கத்தை மெலனின் கூடுதலாக விழுங்குவதால் விகிதம் நகர்ந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். இதைவிட முக்கியமானது விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணை. அது கோட்பாட்டிலிருந்து வருவதில்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, தமனியிலிருந்து இரத்தம் எடுத்து, கருவியின் விகிதத்தோடு ஒப்பிட்டுத் தயாரிப்பது. அந்த அறையில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெளிர்ந்த தோலினர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டியே, பத்துப் பேரைச் சோதித்தால் கறுத்த தோலினர் இருவர் இருந்தால் போதும் என்றது.

பிழை தெரியாமல் இருக்கவில்லை. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்த ஜுப்ரான், டோபின் என்ற இரு மருத்துவர்கள், வெள்ளையருக்கு 92 போதும், கறுப்பினத்தவருக்கு 95 காட்டினால்தான் நம்பலாம் என்று 1990இலேயே எழுதினார்கள். அதன்பின் முப்பது ஆண்டுகள் கழிந்தன. 2020 ஆகஸ்டில் ஏமி மோரன்–தாமஸ் என்ற மானிடவியலாளர், கோவிட் காலத்தில் தம் வீட்டுக்கு வாங்கிய கருவியைப் பற்றி யோசிக்கத் தொடங்கி, பழைய ஆய்வுகளைத் தோண்டியெடுத்து ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் மருத்துவமனைப் பதிவுகளைத் திறந்தார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், இரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது எத்தனை முறை? வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். அந்த ஆண்டு டிசம்பரில் முடிவு வெளியானது. ஆக்சிஜன் தருவதும் மருந்து தொடங்குவதும் படுக்கை ஒதுக்குவதும் அந்த எண்ணைப் பார்த்தே நடந்துகொண்டிருந்தன. கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி நோயாளிகளுக்குச் சிகிச்சைத் தகுதி தாமதமாகவே உணரப்பட்டது என்று பின்வந்த ஆய்வுகளும் காட்டின.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. அந்த முப்பது ஆண்டுகளில் யாரும் கறுப்பினத்தவரைச் சாகடிக்கத் திட்டமிடவில்லை. தொழிற்சாலை விதியைப் பின்பற்றியது, மருத்துவமனை வாங்கியது, மருத்துவர் திரையைப் படித்தார். அவரவர் வேலையை அவரவர் சரியாகவே செய்தார்கள். விலக்கிவைப்பதற்கு வெறுப்பு தேவைப்படவில்லை. அட்டவணை தயாரான நாளில் சிலர் அந்த அறையில் இல்லை, அது போதுமானதாக இருந்தது.

2020லும் 2021லும் தமிழ்நாட்டு வீடுகளில் எத்தனையோ விரல்கள் இந்தக் கருவிக்குள் நுழைந்தன. 94க்குக் கீழே போனால் மருத்துவமனைக்குப் போங்கள் என்று சொல்லப்பட்டது. வயலிலும் கட்டட வேலையிலும் கறுத்த தோல்களுக்கு அந்த 94 என்ன பொருள் தந்தது என்று கேட்க வேண்டிய கடமை நம் மருத்துவக் கல்லூரிகளுக்கு உண்டு. அமெரிக்க ஆய்வின் முடிவை அப்படியே இங்கே ஒட்டவும் கூடாது. தோலின் நிறத்தை முறையாக அளந்து, தமனி இரத்தச் சோதனையோடு ஒப்பிட்டு, நம் மக்களிடமே கணக்கெடுக்க வேண்டிய விஷயம் இது.

2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட வரைவு வழிகாட்டி, குறைந்தது 150 பேரைச் சோதிக்கச் சொல்கிறது. அவர்கள் பலவித நிறத் தோல் உடையவர்களாக இருக்க வேண்டும், நிறத்தை அளந்து பதிய வேண்டும் என்கிறது. மருந்துக் கடையிலும் இணையத்திலும் ‘உடல்நலப் பயன்பாட்டுக்கு’ என்று விற்கும் மலிவுக் கருவிகள் இந்தச் சோதனைக்கு வெளியே நிற்கின்றன. அத்தகைய கருவியை வீட்டில் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே விரலை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் நாளில் அதிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் போய், தமனி இரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.